பாக்டீரியாவுக்குப் பந்தி வைத்தேன்

யாராவது வாடிய முகத்தோடு எதிரே நின்றால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்காமல் இருக்க எனக்கு வராது. ஆளிடம் கேட்டால் பரவாயில்லை. கண்ணுக்கே தெரியாத கிருமியிடம் கேட்டேன் பாருங்கள், அதுதான் தப்பு.

ஒரத்தநாடு பக்கம் எங்கள் மகளிர் குழு நடத்தும் குடிநீர் நிலையத்தில் மோட்டார் போடுவது, கேன் நிரப்புவது எல்லாம் நான்தான். (படிப்பு பத்தாவது. மீதியை ஸ்க்ரூடிரைவர் சொல்லிக்கொடுத்தது.) தண்ணீரை வடிக்கும் மெம்பிரேனில் கிருமிகள் கூடி வழவழவென்று படலம் கட்டிவிடும். அப்புறம் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

அதற்கு வழி தேடி வந்தவள் சுகந்தி, ஆராய்ச்சி மாணவி. நிலையத்துக்குப் பின்னால், குடிக்கிற தண்ணீரோடு சேராமல், தனியாக ஒரு சின்னத் தொட்டி வைத்தாள். அதற்குள் ஒரு மெம்பிரேன், கூடவே பெரிய ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள், வெளியே முள் வைத்த ஒரு மீட்டர்.

"உருண்டைக்குள்ள இருக்கிறதும் பாக்டீரியாதான்க்கா. படலம் கட்டுறதுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பித்தான் கூட்டம் சேர்க்கும். இதுங்க அந்தச் சேதியைத் தின்னுடும்."

"எங்க குழுவுல சேதி கிளப்பத்தான் ஆள் இருக்கு, தின்ன ஆள் இல்ல. ரெண்டு உருண்டை எனக்கும் குடு" என்றேன்.

சிரித்தாள். உடனே முகம் மாறியது. "ஏற்கெனவே ஒரு தடவை கெட்டுப்போச்சுக்கா. இதுவும் போனா என் ஆராய்ச்சியே நின்னுடும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். தினம் காலையில அந்த மீட்டர் முள்ளை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க. முள் ஏறினா மெம்பிரேன் அடைக்குதுன்னு அர்த்தம்."

"என் புள்ளைங்க மாதிரி பாத்துக்கிறேன் போ" என்றேன். நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் விதம் அவளுக்குத் தெரியாது. (இருவருக்கும் வருடத்துக்கு இரண்டு முறை சீருடை தைக்கிறோம். உயரத்துக்காக அல்ல.)

பத்து நாள் முள் அசையவில்லை. பதினோராம் நாள் ஒரு கோடு ஏறியது. போட்டோவை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் கணவர் சம்பா நாற்றுக்குத் தெளிக்க சூடோமோனாஸ் கரைத்துக்கொண்டிருந்தார். அதுவும் நல்ல பாக்டீரியாதான். வாளியில் ஒரு கட்டி வெல்லத்தைப் போட்டார்.

"வெல்லம் எதுக்குங்க?"

"தின்னாத்தானே பெருகும். பட்டினி போட்டா எது வேலை செய்யும்?"

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு நாளாக அந்த உருண்டைகளுக்கு ஒரு வாய் யாரும் கொடுக்கவில்லையே.

அன்றைக்கே தொட்டியில் ஒரு செம்பு வெல்லக் கரைசல் ஊற்றினேன். மறுநாள் முள் இன்னும் ஏறியது. பாவம், வேலை அதிகம் போல என்று இரண்டு செம்பாக்கினேன். அமாவாசையன்று பாயசமே ஊற்றினேன். (சேமியாவை வடிகட்டிவிட்டுத்தான். எனக்கும் அறிவியல் தெரியும்.)

ஒரே வாரத்தில் முள் கடைசிக் கோட்டைத் தொட்டது. அந்தப் போட்டோவைப் பார்த்ததும் சுகந்தி தன் பேராசிரியரையே அழைத்துக்கொண்டு ஓடி வந்தாள். மெம்பிரேனைத் தூக்கினால், நுங்கு பூசியது போலக் கொழகொழவென்று இருந்தது.

"என் உருண்டைதான் சார் சரியில்ல" என்றாள்.

பேராசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து தொட்டிமேல் எறும்புச் சாரை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. "தண்ணித் தொட்டியில எறும்புக்கு என்னம்மா வேலை?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் நின்றது.

"நான்தான் சார். பட்டினியா கெடந்துச்சுங்க. வெல்லம் குடுத்தேன்."

"எத்தனை நாளா?"

"ஏழு நாள். நடுவுல ஒருநாள் பாயசம்."

பேராசிரியர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சுகந்தி மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, அடைக்கிற கிருமிக்கும் சேர்த்துல்ல பந்தி வச்சிருக்கீங்க." பேராசிரியர் பக்கம் திரும்பி, "அப்போ உருண்டை மேல தப்பில்லதானே சார்?"

"தப்பெல்லாம் பாயசத்து மேலம்மா. மறுபடி போடு."

மறுபடி போட்டாள். இந்த முறை மாதக்கணக்கில் முள் அந்த முதல் கோட்டைத் தாண்டவில்லை. தொட்டிக்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு மேலே "இங்கே எதையும் ஊட்டாதீர்கள்" என்று ஒரு பலகை. சாவியை என் கணவரிடம் கொடுத்தாள்.

இப்போதும் வீட்டுக்கு வந்தவர்கள் இலையில் நான் இரண்டாம் கரண்டி சோற்றைச் சாய்க்கப் போனால், அவர் தலை நிமிராமலே சொல்வார்:

"போதும் கலா. முள் ஏறுது."