வீட்டுக்காரர் வெளியே நிற்கவும்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் பிரியமான மகள் கிறிஸ்டினாவுக்கு அப்பா ஆசீர்வாதம் எழுதுவது. நானும் உன் அம்மா ஞானம்மாவும் நம் லைன் வீட்டில் குடியிருக்கும் ஆறு ஒடிசா குடும்பங்களும் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். போனில் பேசினால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

உங்கள் டிரஸ்ட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தாயே ஒரு டேப், டாக்டரோடு முகம் பார்த்துப் பேசுகிற பலகை போன், அதை அடுத்த வாரமே வந்து எடுத்துக்கொண்டு போ. கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் புவனேஸ்வர் டாக்டரம்மாவிடம் தங்கள் பாஷையிலேயே நோயைச் சொல்லலாம் என்றாய். நல்ல காரியம் என்று நம் ஹாலையே கொடுத்தேன். முதல் நாள் மூன்றாம் ரூம் மினதி வந்தாள், ஏழு மாதம். புருஷன் ஷிப்டில் இருந்ததால் அவனுடைய அண்ணன் பிரகலாத் கூட வந்தான். பெரியவனை முன்னால் உட்காரவைப்பதுதானே மரியாதை? அவனை டேப்புக்கு நேரே நாற்காலியில் உட்காரவைத்து, அவளைப் பக்கத்தில் இருத்தி, வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் டீ சொல்லி, மாநாடு போல நடத்தினேன். டாக்டரம்மா கேட்கக் கேட்க அந்தப் பெண் முக்காட்டை இழுத்துக்கொண்டே போகிறாள். முகமும் போச்சு, பேச்சும் போச்சு. "வெக்கப்படாம சொல்லும்மா, நானும் உனுக்கு அப்பா மாதிரிதான்" என்று நான் வேறு குனிந்து கத்தினேன். டாக்டரம்மா ஏதோ அதட்டினார். பிரகலாத் எழுந்து, "சார், நான் புருஷனுக்கு அண்ணன். என் முன்னாடி அவ பேசாது, முகம் காட்டாது. எங்க ஊர் வழக்கம். நான் வெளியே. நீயும் வெளியே" என்றான்.

"நான் எதுக்குடா? இது என் ஊடு!" என்றேன்.

"இன்னாய்யா மரம் மாதிரி நிக்கிற? போய்த் தெருவுல குந்து" என்று உன் அம்மா கதவைச் சாத்திவிட்டாள்.

ஐந்து நிமிஷத்தில் கதவு திறந்தது. மூன்று நாளாகத் தலைவலியாம், கண் மங்கலாம், காலெல்லாம் வீக்கமாம். பிரஷராக இருக்கும், இந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டரம்மா சொன்னதைப் பிரகலாத் எனக்குத் தமிழில் சொன்னான். அந்த வலியோடுதான் அவள் மூன்று நாளும் நம் குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறாள். நானே ஆட்டோ பிடித்து ஓடினேன். அவளும் வயிற்றுப் பிள்ளையும் பிழைத்தது ஆண்டவர் கிருபை.

அதற்காக? அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்த்து இருபது ஜோடிச் செருப்பு. ஆம்பளைக்கு ஹாலில் இடமில்லை என்பது உன் அம்மா போட்ட சட்டம். டிவி உள்ளே, நான் வெளியே. போன வாரம் மழையில் நனைந்துகொண்டு குடை கேட்டேன், "பொம்பளைங்க பேசிக்கினு இருக்காங்க, அப்பால வா" என்கிறாள். அவளுக்கு ஒடியா வேறு வந்துவிட்டது. ஒரே பேஜாரு. எடுத்துக்கொண்டு போய்விடு.

ஆண்டவர் உன்னையும் மருமகன் ராபினையும் கண்மணிபோல் காப்பாராக.

அன்புள்ள அப்பா,
ஆசீர்வாதம்

பி.கு.: மூன்று நாளாக இந்தக் கடிதம் தபாலில் போடாமல் கிடக்கிறது. டேப்பை எடுக்க வராதே. நேற்று உன் அம்மா பெண்கள் ஜெபத்துக்குப் போன நேரம், பிரகலாத்தைக் கூட வைத்துக்கொண்டு நானும் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு இரண்டு வருஷமாக மூலம். நான் தமிழில் சொன்னேன், அவன் ஒடியாவில் சொன்னான், டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டு மருந்து எழுதினார். அம்மாவிடம் மூச்சு விடாதே. இங்கே இருக்கும் டாக்டர் நம் சபைக்காரர். அவரிடம் போயிருந்தால் இந்நேரம் ஞாயிறு ஆராதனையில் பேர் சொல்லி, வியாதியும் சொல்லி, எழுந்து நின்று எனக்காக ஜெபம் பண்ணியிருப்பார்கள்.