இட்லி மூணு, வடை இல்ல

அன்றைக்குத் திண்டிவனம் ஸ்டூடியோவில் இருந்தவர்கள் நான்கே பேர். முதலாளி, விழுப்புரத்திலிருந்து வந்த மேடம், எடிட்டர் நாஷ்டா, அப்புறம் அவருக்கு உதவிக்கு இருந்த நான். நாலு பேரில் வாய் திறந்திருக்க வேண்டியவன் நான். திறக்கவில்லை.

மனிதர்களை வயிற்றை வைத்தே அடையாளம் கண்டவர் இந்த மாவட்டத்தில் நாஷ்டா ஒருவர்தான். நிஜப் பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருந்தது. பேட்டிக்கு முன்னால் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லச் சொல்வார்கள். இவர், "காலைல இன்னா நாஷ்டா?" என்பார். வந்த பதிலையே அந்த வீடியோவுக்குப் பெயராக வைத்துவிடுவார்.

மேடம் ஏரிகளைப் பற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒலக்கூர்ப் பக்கம் எண்பத்தாறு பேரிடம் பேட்டி. கம்ப்யூட்டரைத் திறந்தால் ஓட்டல் போர்டு மாதிரி இருக்கும். 'கேப்பைக் கூழு', 'கேப்பைக் கூழு, மோர் ஊத்தாதது', 'இட்லி மூணு, வடை இல்ல', 'மருமக ஒண்ணும் குடுக்கல'.

"ஆளு பேரையே வெச்சா இன்னாண்ணா?" என்று கேட்டேன்.

"இதுல ஏழுமலை எத்தினி பேரு தெரியுமா? பதினோரு பேரு. மோர் ஊத்தாத கூழு ஒருத்தருதான்."

அந்தச் சமயம்தான் முதலாளி பழைய எடிட்டிங் சாஃப்ட்வேரை விட்டுப் புதுசுக்கு மாறினார். நாஷ்டா பாதிப் படத்தைப் பழையதில் வெட்டி முடித்திருந்தார். அதைப் புதுசுக்குக் கொண்டுபோய், திங்கட்கிழமை பத்து மணிக்கு மேடத்துக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

"அன்னிக்குப் படம் ஓடலன்னா, செவ்வாக்கெழம நீ வர வேணாம்" என்று முதலாளி நாஷ்டாவிடம் சொல்லிவிட்டார்.

பயந்தது நான். எட்டாவதோடு படிப்பை விட்டவன். போன் அடித்தாலே யாருக்கு என்ன ஆச்சோ என்று நினைக்கிற ஆள். மேடம் திரையில் 'மருமக ஒண்ணும் குடுக்கல' என்று பார்த்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்? ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து எண்பத்தாறுக்கும் பெயரை மாற்றினேன். பேட்டி 1, பேட்டி 2 என்று. நாஷ்டாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது என் மானம்.

திங்கட்கிழமை படத்தைத் தட்டினால் திரை முழுக்கச் சிவப்பு. வெட்டி வைத்த படம் பழைய பெயர்களைத் தேடுகிறது. கூழும் இல்லை, இட்லியும் இல்லை. எந்தக் கூழ் எந்த நம்பர் என்று நான் எழுதியும் வைக்கவில்லை.

"பேரை மாத்தினது யாரு?" என்றார் மேடம்.

என் கால் நடுங்கி மேசை ஆடியது. நாஷ்டா மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றார் நாஷ்டா.

அப்புறம் ஒவ்வொரு வீடியோவிலும் முதல் பத்து நொடியைப் போட்டுக் கேட்டார். எண்பத்தாறு பேரும் வரிசையாகக் காலையில் சாப்பிட்டதைச் சொன்னார்கள். அவர் பழைய பெயரை அடிக்க அடிக்க, சிவப்பு ஒவ்வொன்றாக மறைந்தது. பதினைந்தாவது ஆளில் மேடம் சிரித்துவிட்டார். நாற்பதாவது ஆளில் பசிக்கிறது என்றார். மூன்று மணிக்குப் படம் ஓடியது.

"ஓடிச்சி. பத்து மணிக்கு ஓடலியே?" என்றார் முதலாளி. நாஷ்டா கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

வாசல் வரைக்கும் பின்னாடியே போனேன். "ஏண்ணா நீங்க ஒத்துக்கினீங்க?"

"நீ சொல்லியிருந்தா அழுதுருப்ப. அழுவுறவன பக்கத்துல வெச்சிக்கினு எண்பத்தாறு பேர எப்டிக் கேக்கறது? உடு. யோசிச்சிக்கினே ரோட்ட தாண்டாத, எவனாச்சும் இட்சிடப் போறான்."

இரண்டு வருடம் ஆகிறது. நாஷ்டா இப்போது விழுப்புரத்தில் கல்யாண வீடியோ வெட்டுகிறாராம். ஒரு மணி நேரப் பயணம். மூன்று தரம் பஸ் ஏறி, மூன்று தரமும் வழியில் கூட்டேரிப்பட்டிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். நேற்றுதான் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "இத இப்ப வந்து சொல்ற" என்றார்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்பதுதான் பாக்கி அண்ணா. இந்தத் தடவை விழுப்புரம் வரைக்கும் இறங்க மாட்டேன்.