வலி வரிசை

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. நான் நலம், அக்காவும் நலம். இருவரும் சேர்ந்து நலமா என்பதில்தான் சந்தேகம். போனில் சொல்லலாம்தான். ஆனால் கிளினிக்கில் சுவர் மெல்லிசு, பல் டாக்டரான உங்கள் அக்காவுக்குக் காது ரொம்பக் கூர்மை.

நான் ரிட்டயர் ஆனதிலிருந்து அவள் கிளினிக்கின் முன்மேஜையில் நான்தான் உட்காருகிறேன். வருகிற திங்கள்கிழமை முதல் அங்கே ஒரு பெண்ணை வேலைக்கு வைக்கப் போகிறாளாம். "நீங்க வீட்டுல நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டாள். இதற்கெல்லாம் மூலகாரணம் போன விடுமுறையில் நீங்கள் கற்றுக்கொடுத்த கம்ப்யூட்டர் மொழி. குற்றம் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

வந்த வரிசைப்படி உள்ளே அனுப்பினால், சும்மா பல் சுத்தம் பண்ண வந்தவர் காலாட்டிக்கொண்டு முதலில் போகிறார், கன்னம் வீங்கியவர் காத்துக்கிடக்கிறார். அதனால் ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டு, வலி கூடியவர் முன்னால் வரும்படி புரோகிராம் எழுதினேன். நீங்கள் சொன்ன அதே எளிய முறைதான்: பக்கத்துப் பக்கத்து இரண்டு பேரை ஒப்பிடு, பின்னால் இருப்பவருக்கு வலி அதிகமென்றால் இடம் மாற்று, மாற்ற ஆளில்லை என்று ஆகும் வரை திரும்பத் திரும்பச் செய். நோயாளிகளைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிடுவேன். வேறு வழி நீங்கள் சொல்லித்தரவில்லை. முதல் ஆள் ஒரு லாரி டிரைவர். வலி எவ்வளவு என்றேன். "தாங்க முடியல" என்றார். "நம்பரா சொல்லுங்க." "உயிர் போகுதுங்கிறேன், நம்பர் கேக்குறீங்களே!" சரி என்று 'தாங்க முடியல' என்றே போட்டேன். உங்கள் மொழி ஏற்கவில்லை. இங்கே எண் வரவேண்டும், நீ எழுத்தைக் கொடுத்திருக்கிறாய் என்று சிவப்பு சிவப்பாகத் திட்டியது. எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற சம்பந்தியம்மா மாதிரி ஒரு மொழி! நான் அசரவில்லை. வலி என்பது எண்ணே இல்லை, எழுத்துதான் என்று மாற்றி, எல்லா நம்பருக்கும் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டேன். உடனே வாயை மூடிக்கொண்டது. டிரைவரும் முதல் ஆளாக வந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த சிக்கல் இடம் மாற்றுவதில் வந்தது மாப்பிள்ளை. வரிசையில் ஒரு செருப்புக்கடைக்காரர், அவருக்குப் பின்னால் வலி கூடிய ஒரு டீச்சரம்மா. செருப்புக்கடைக்காரர் இடத்தில் டீச்சரம்மாவை வை, டீச்சரம்மா இடத்தில் செருப்புக்கடைக்காரர் இடத்தில் இருப்பவரை வை என்று எழுதினேன். நியாயமாத்தானே இருக்கு? ஆனா அவரிடத்துல அதுக்குள்ள டீச்சரம்மா உக்காந்தாச்சு. ஆகவே ரெண்டு டீச்சரம்மா, செருப்புக்கடைக்காரர் காணோம். எண்ணுக்குப் பதில் எழுத்து போட்டா ஊரைக் கூட்டுற மொழி, ஒரு முழு மனுஷனை விழுங்கினப்ப மூச்சு விடல. யாரா இருந்தாலும் நோயாளிங்கிற வகைதானாம், அதுக்கு அது போதுமாம். டீச்சரம்மா பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்த கையோடு மறுபடி உள்ளே போனாங்க. நான் கூப்பிட்டேன், போனாங்க; பாவம், வாய் முழுக்கப் பஞ்சு, மறுப்புச் சொல்ல வழியில்லை. உங்க அக்கா கதவைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தா. அதுதான் திங்கட்கிழமைப் பெண்ணுக்கு அச்சாரம்.

இப்போது இடம் மாறும் ஒருவரை நடுவில் நிறுத்திவைக்க மூன்றாவதாக ஓர் இடம் சேர்த்துவிட்டேன். புரோகிராம் குறையே இல்லாமல் ஓடுகிறது. தயவுசெய்து இதை அக்காவிடம் எடுத்துச் சொல்லுங்கள். மனசு விட்டுச் சொல்கிறேன் மாப்பிள்ளை, இத்தனை வருஷம் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஓடினோம். இப்போதுதான் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் "வாயைத் திறங்க" என்று சொல்வது நாள் முழுக்கக் காதில் விழுகிறது. வீட்டில் நிம்மதி இருக்கும், அந்தக் குரல் இருக்காது.

உங்கள் பல்லும் சொல்லும் என்றும் உறுதியாக இருக்க வாழ்த்தும்,
அக்கா வீட்டுக்காரர்.

பின்குறிப்பு: அக்காவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போதே எனக்குக் கடைவாய்ப் பல் பிடித்துக்கொண்டது. நேர்மையாக என்னையும் சேர்த்து, வலி பத்து என்று போட்டேன். இரண்டு போட்ட ஆளுக்கும் பின்னால் தள்ளிவிட்டது. எழுத்து என்று நான்தானே அறிவித்தேன்! அதனால் '10' என்பதில் முதல் எழுத்தான '1'-ஐ மட்டும் பார்த்து, '2'-ஐவிடச் சின்னது என்று முடிவு கட்டியிருக்கிறது. பத்து சொன்னவர்கள் எல்லாம் ஏன் என்னை முறைத்துக்கொண்டே போனார்கள் என்று இப்போது புரிகிறது. சம்பந்தியம்மா முதல் நாளே சொன்னாள், நான்தான் வாயை அடைத்தேன். வரிசையில் என் முறைக்குக் காத்திருந்தேன். அக்கா கதவைத் திறந்தாள், கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, என் கன்னத்தைப் பார்த்தாள். "நீங்க முதல்ல வாங்க" என்றாள். பல்லை எடுத்துப் பஞ்சை வைத்து அடைத்த பிறகு, நான் பதில் பேச முடியாத நேரமாகப் பார்த்துச் சொன்னாள்: "திங்கக்கிழமை வர்ற பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்து சொல்லிக்குடுங்க. கம்ப்யூட்டர் மட்டும் வேண்டாம்."