பொம்மைகள் தலையாட்டிய விதம் குறித்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அநேக வணக்கங்கள். இங்கு யாவரும் நலம். அங்கு தாங்களும், கோபம் ஒன்றைத் தவிர மற்ற எல்லா வகையிலும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனதற்கு நானும் நான் செய்த பொம்மைகளுமே பொறுப்பு என்பதை விளக்கவே இக்கடிதம்.

ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனைவிக்குப் பொறுக்காது. "கடை பொம்மையைத்தான் எல்லாரும் வைக்கிறாங்க. நீங்களே செய்யுங்களேன், கையும் வாயும் கொஞ்சம் அடங்கும்" என்றாள். பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து, பசை சேர்த்துப் பிசைந்து, கல்யாண செட் ஒன்று செய்தேன். மாப்பிள்ளை, பெண், இரு வீட்டுப் பெற்றோர், மேளக்காரர் என்று பதினோரு உருப்படி. தும்மல் வந்ததில் தூரிகை வழுக்கி, பெண்ணுக்கு மீசை வந்துவிட்டது உண்மைதான். அதைச் சுரண்டப் போய் மூக்கும் போயிற்று. ஆனால் எல்லாமே தலையாட்டி பொம்மைகள். முப்பத்தொரு வருஷம் அதிகாரிகள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவனுக்கு அந்த நுணுக்கம் தெரியாதா? காதுக்குக் காது கம்பி கோத்தால் தலை மேலும் கீழும் ஆடும், அது "சரிங்க". கழுத்தில் நட்டுக்குத்தலாக ஆணி வைத்தால் இடமும் வலமும் திரும்பும், அது "மாட்டேன்". கண் மங்கிப்போய்க் கம்பிக்குப் பதில் ஆணியை வைத்துத் தொலைத்திருக்கிறேன்.

அன்றைக்கென்று ஒரே புழுக்கம். சம்பந்தியம்மாவுக்கு வியர்க்கிறதே என்று மேசை விசிறியைப் போட்டேன். அவர்களும் நல்ல மனசோடுதான் பேச்சை எடுத்தார்கள். "மருமக கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்ச்சது போதும். கல்யாணமாகி நாலு மாசமா வேலை வேலைன்னு இங்கேயே கிடக்கிறா. அடுத்த வாரம் வேலையை விட்டுட்டு நம்ம வீட்டோட வந்துடுவா, இல்லையா?" நான் "சரிங்க" என்று சொல்லி வாயை மூடவில்லை, விசிறி கொலுப் படிகள் பக்கம் திரும்பியது. பதினோரு தலையும் மாட்டேன் என்றன. "அப்ப அனுப்ப மாட்டீங்களா?" என்றார்கள். "அனுப்பறேங்க" என்றேன். மறுபடியும் பதினோரு மாட்டேன். அதிலும் பிள்ளையின் அம்மா பொம்மைதான் எல்லாரையும்விட வேகமாக ஆட்டியது. சம்பந்தியம்மாவைப் போலவே அதற்கும் பச்சைப் புடவை கட்டியிருந்தது தற்செயல். என் மகள் சிரித்தது தப்பு. என் மனைவி சமையலறைக்குள் ஓடிப் போய்ச் சிரித்தது அதைவிடத் தப்பு. தாங்கள் எழுந்து, "என்ன சம்பந்தி, பொம்மையை வெச்சு எங்களைக் கேலி பண்றீங்களா?" என்று கேட்டீர்கள். அதற்கும் அவை இல்லை என்றே தலையாட்டின. அதையாவது தாங்கள் கவனித்திருக்கலாம்.

எப்படியானாலும் பிழை என்னுடையது, மன்னிக்க வேண்டும். மகள் அடுத்த வாரம் வேலையை விட்டுவிடுவாள். நானே கொண்டுவந்து விடுகிறேன். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு, கோபம் ஆறியபின், என் வணக்கங்கள்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
சம்பந்தி

பி.கு.: உறையில் போடுமுன் மகள் இதைப் படித்துவிட்டாள். "உங்க கண்ணாடி நான் தேய்ச்சதுப்பா, அதுல மங்கறதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க கம்பிதான் கோத்தீங்க. முந்தின நாள் அதை உருவிட்டு ஆணி வெச்சது நான். இந்த வீட்டுல யாராவது ஒருத்தர் மாட்டேன்னு சொல்ல வேண்டாமா?" என்றாள். ஆகவே மேலே எழுதிய மன்னிப்பைத் தள்ளிவிட்டுப் படிக்கவும். அவள் வேலையை விட மாட்டாள். மாப்பிள்ளை எப்போது வேண்டுமானாலும் இங்கு வரட்டும், மாடி அறையை ஒழித்துவைத்திருக்கிறேன். இப்படியெல்லாம் எழுதிப் பழக்கமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சொல்வது நேராகத்தான் இருக்கிறது.