வசவு வாங்கிய பானை

கொடைக்கானல் மலையில் பள்ளங்கிக்குப் போகிற பஸ்ஸில் அந்த வருஷம் கிழங்கு மூட்டைக்கே இடமில்லை. எல்லா இடத்தையும் பக்தி பிடித்துக்கொண்டது. மச்சானந்த சாமி வந்து இறங்கியிருந்தார் அல்லவா! மனிதர்களுக்கு அருள்பாலித்து அலுத்துப்போய், நேரே மீன்களுக்கு அருள்பாலிக்க வந்த மகான்.

அது எண்பதுகளின் தொடக்கம். கிழங்கில் நோய் விழுந்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள், ஓடைத் தண்ணீரைத் திருப்பிக் குளம் வெட்டிக் கெண்டை வளர்த்தார்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கொடைக்கானல் கிறிஸ்தவ வீடுகளில் கறி கிடையாது, மீன்தான். அதற்குள் மீன் தேறாவிட்டால் வருஷமே வீண். இந்த மலைக்குளிரில் கெண்டைகளோ தின்ற தவிடு செரிக்காமல் மெலிந்து கிடந்தன.

சாமி வழி சொன்னார். தவிட்டையும் வெல்லத்தையும் பானையில் பிசைவார். கமண்டலத்துத் தீர்த்தத்தை ஊற்றுவார். யார் காதிலும் விழாத மந்திரம் ஒன்றை முணுமுணுத்து, கறுப்புத் துணி கட்டி அடுப்போரம் வைப்பார். ஓரிரு நாளில் பானை நுரைத்துப் பொங்கித் துணியைத் தூக்கும். "மச்சாவதாரம் எறங்கிருச்சு!" என்பார். கூட்டம் பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அதைத் தின்ற மீன்கள் கொழுக்கத்தான் செய்தன. மீனுக்குப் பொய் சொல்லத் தெரியாதே!

காணிக்கை கிடையாது. சாமிக்குப் பணத்தாசை இல்லை, பாருங்கள்! குளத்தை மட்டும் தன் மடத்துக்கு எழுதிக் கொடுத்தால் போதும். "தீர்த்தம் வெறும் தண்ணிதாம்ப்பா, மந்திரந்தான் சக்தி. அடுத்தவன் தண்ணியில அது நிக்காது" என்பார். ஒவ்வொரு குளமாக மடத்துக்குப் போனது. அடுத்தது கஸ்பாரின் குளம். வருகிற ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் கையெழுத்து.

கஸ்பாரின் மனைவி கித்தேரியம்மாள். அந்தக் குளத்து மண்ணில் பாதியைத் தலையில் சுமந்து கொட்டியவள். அவள் வாயைத் திறந்தால் ஊர் காதைப் பொத்திக்கொள்ளும்.

"ஏங்க, கொளத்த அந்தாளுக்கு எழுதிட்டு நாம எதுல மீன் வளக்கறது?"

"பாதி மீனு நமக்குத்தான புள்ள! சாமிய அந்தாளு இந்தாளுன்னு பேசாத, நாக்கு அழுகிரும்."

"அழுகட்டும். ஒங்களுக்கு நிம்மதியா இருக்கும்."

தீர்த்தத்தை மனிதர் வாயில் வைத்தால் கண் போய்விடும் என்று சாமி எச்சரித்திருந்தார். கஸ்பார் வீட்டுப் பானையில் அவர் ஊற்றியபோது ஒரு சொட்டு கித்தேரியம்மாளின் புறங்கையில் தெறித்தது. நக்கிப் பார்த்துவிட்டாள். கண் போகவில்லை. நன்றாகத் திறந்துகொண்டது. புளித்த மோர்!

சாமி டீக்கடை முற்றத்துக்குத் திரும்பியதும், அவளும் பின்னாலேயே போய்க் கூட்டத்தின் நடுவே நின்றாள்.

"சாமி, தீர்த்தம் வெறும் தண்ணிதான்னு சொன்னீங்க. அப்ப ரெண்டு பானை வைப்போம். ரெண்டுலயும் ஒரே தவிடு, ஒரே வெல்லம், கொதிக்க வச்சு ஆறப்போட்டது. ஒண்ணுல காய்ச்சி ஆறின தண்ணி ஊத்தி நீங்க மந்திரம் சொல்லுங்க. இன்னொண்ணுல எங்கூட்டுப் புளிச்ச மோர ஊத்தி நான் சொல்றேன்."

"உனக்கு என்னம்மா மந்திரம் தெரியும்?"

"மந்திரம் எதுக்கு? திட்டத் தெரியும்."

ஊரே சிரித்தது. சாமியால் பின்வாங்க முடியவில்லை. டீக்கடை இப்ராம்சா, "ஞாயிறு வரைக்கும் என் அடுப்போரமே ரெண்டும் இருக்கட்டும். நாந்தான் காவல்" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சாமி தொண்டை வறள மந்திரம் சொன்னார். கித்தேரியம்மாள் தன் பானையைப் பார்த்து, "ஏலே, வெக்கங்கெட்ட மூதேவிப் பானையே! திங்கறது தவிடு, வெல்லம்! ஒனக்கெல்லாம் பொங்க ஒரு கேடா?" என்று தொடங்கி, எழுத முடியாத இடத்துக்கெல்லாம் போய்த் திரும்பினாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் கடைக்கு ஓடியது. மந்திரம் கேட்ட பானை களி மாதிரி அசையாமல் கிடந்தது. வசவு வாங்கிய பானையோ நுரைத்துத் துணியைத் தூக்கி வெளியே வழிந்துகொண்டிருந்தது!

"என் கடை பன்னு மாவும் தெனம் இப்படித்தான் பொங்குது. அதுல எந்த அவதாரம் எறங்குதோ!" என்றார் இப்ராம்சா.

சாமி கமண்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வேதக்காரங்க, கிறிஸ்தவங்க தவிட்டுல மந்திரம் ஏறாது."

"எங்க கொளம் மட்டும் ஒங்களுக்கு ஏறுமோ?" என்று கேட்டாள் கித்தேரியம்மாள்.

அவள் சொல்லியனுப்பி வந்திருந்த மீன்துறை ஆள் குமாரவேல் முன்னால் வந்தார். "அட, மயில்சாமி! கீழ மீன் பண்ணையில தீனி கலக்குன ஆளுதான நீ? எப்பய்யா மகான் ஆன?" என்றவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "புளிச்ச மோர்ல கண்ணுக்குத் தெரியாத உசுரு கோடிக்கணக்குல இருக்குங்க. அது தவிட்டப் புளிக்க வச்சுப் பதமாக்கும். மீன் கொடலுக்குள்ள போயி செரிக்க வைக்கும், நோயத் தடுக்கும். அந்தப் பண்ணையில இதத்தான் சோதிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கோம். அங்க யாரும் மந்திரம் சொல்றதில்ல."

எழுதிக் கொடுத்தவர்கள், இன்னும் பதிவாகாத மடத்துப் பத்திரங்களைப் பிடுங்கிக் கிழித்தார்கள். மயில்சாமி வெரசாக வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடித்தார். கஸ்பார் மனைவியைப் பார்க்க வெட்கப்பட்டுக் குளத்தைப் பார்த்தார்.

ஊருக்குப் புத்தி வந்துவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுநாள் வெள்ளனே கித்தேரியம்மாள் கதவைத் திறந்தாள். வாசலில் கூட்டம். ஆளுக்கொரு பானை. முன்னால் நின்ற நல்லுசாமி பயபக்தியோடு கும்பிட்டார்.

"தாயே, எங்க பானையவும் ஒரு வாட்டி திட்டி விடுங்க தாயே!"

அவள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"மோருக்குள்ள கெடக்குற பூச்சிகூடத் தன் சோலிய ஒழுங்காப் பாக்குது. ஒங்க மண்டைக்குள்ள இருக்கறதுக்கு எப்பய்யா சோலி குடுக்கப் போறீங்க?"