மச்சானுக்கு: பொறுமையான சிடி ரைட்டர் வாங்கிய விவரம்

பெலேம், ஜுருனாஸ் பேட்டை
திங்கட்கிழமை, மழைக்கு முன்

சந்தரேம் நகரில் படகுத்துறைக்கு எதிரே ரேடியோ பழுது பார்க்கும் மச்சான் அடமோர் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் அக்காள் புருஷன் ஒஸ்கரீனோ வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் அக்காள் சுலெய்டே, என் மருமகள் கெய்லா, கூண்டுக் கிளி எல்லோரும் நாசரே மாதா புண்ணியத்தில் சுகம். அங்கு நீங்கள், உங்கள் வீட்டம்மாள், உங்கள் மூட்டுவலி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

மச்சான், கையெழுத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். என்னுடையதுதான். இதுவரை வந்த கடிதமெல்லாம் நான் சொல்லக் கெய்லா எழுதியவை. அவள் நடுநடுவே தன் சொந்த விஷயத்தையும் சேர்த்திருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது. போன வருஷம் உங்களிடம் பூப்போட்ட சட்டைத்துணி கேட்டது நானில்லை. மாதா கோயில் கூடத்தில் பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்தேன் என்று ஃபோனில் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? “பல்லு போன காலத்துல பட்டாணி எதுக்கு அத்தான்?” என்றீர்கள். பட்டாணியைத்தான் இப்போது கடித்துக் காட்டுகிறேன். இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன், ‘நீங்கள்’ என்பதற்கு எழுத்து அதிகம். இதையும் ஃபோனில் சொல்லலாமே என்பாய். ஃபோனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய். கடிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது. எழுத்து கற்றதில் எனக்குக் கிடைத்த முதல் சுகம் இதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். மின்விலாங்கு ஒலிக்குழு எங்கே மேடை போட்டாலும் வாசலில் சிடி விற்பது நான் என்று உனக்குத் தெரியும். ஆட்டத்தின் முதல் பாதியில் குழுவின் சொந்தக்காரன் ஜில்வந்த்ரோ பாட்டுக்கு நடுவே யார் யாருக்கெல்லாம் மைக்கில் வணக்கம் சொல்கிறானோ, அந்தப் பெயர்களோடு அது அப்படியே கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும். இரண்டாம் பாதி நடக்கும்போது கெய்லாவும் நானும் அதைச் சிடியில் எழுதுவோம். ஜனங்கள் வீட்டுக்குப் போகும்போது வாங்கிக்கொண்டு போவார்கள். பாட்டுக்காகவா வாங்குகிறார்கள்? தன் பெயர் அதில் இருக்கிறதே என்று வாங்குகிறார்கள். அந்தப் பெயர் வரும் இடத்தில் சிடி திக்கி விக்கினால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். அதை யோசிக்காமல்தானே நீ எனக்குப் பழைய சிடி ரைட்டர் ஒன்றைப் படகில் போட்டு அனுப்பினாய்! “கல்லு மாதிரி உழைக்கும் அத்தான்” என்றாய். நீ சொன்னது சரிதான், அது கல்லுதான். கல்லு என்றைக்குப் பாடியிருக்கிறது?

அது செய்த கூத்தை எழுத எனக்கு இன்னும் நிறைய எழுத்து வேண்டும். பாதி சிடி நடுவில் நின்றுபோகும், மீதியில் பாட்டு இருக்கும் ஆனால் ஆள் தண்ணீருக்கடியில் பாடுவது மாதிரி இருக்கும், மீன்கடைக்காரன் திருப்பிக் கொண்டுவந்த சிடிகளைச் சுலெய்டே தான் விற்கும் தகாகா சூப்புக் குவளைக்கு அடியில் வைத்துவிட்டாள், வாடிக்கையாளர்கள் சூப்பு குடித்துக்கொண்டே தங்கள் பெயரைக் கீழே தேடினார்கள், இது போதாதென்று ஜில்வந்த்ரோ ஒருநாள் வந்து தன் கம்ப்யூட்டர் மழையில் நனைகிறது, பாட்டுச் சரக்கு முழுவதையும் ஃபைல்களாக ஒரு சிடியில் எழுதிப் பத்திரப்படுத்திக் கொடு என்றான், கெய்லா அப்படியே எழுதினாள், பிறகு அந்த முறையை மாற்ற மறந்து அன்றைக்கு வாசலில் விற்க வேண்டியதையும் ஃபைலாகவே எழுதித் தள்ளினாள், கம்ப்யூட்டரில் போட்டால் தெரியும், வீட்டிலிருக்கும் சாதாரணப் பெட்டியில் போட்டால் ஒரு சத்தமும் வராது, அந்தச் சிடியில் ஒன்றை எங்கள் தெரு ரொட்டிக்கடைக்காரர் தன் மகளின் பதினைந்தாம் பிறந்தநாளுக்கு என்று வாங்கிப்போனார். அந்தப் பெண் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு அப்பாவின் தோளில் கை வைத்து ஆடத் தயாராக நிற்கிறது, ஊரே சுற்றி நிற்கிறது, பெட்டியைத் தட்டுகிறார்கள், மௌனம். கடைசியில் அவர் மாமியார் கைதட்டிப் பாடினாளாம். மறுநாளிலிருந்து ரொட்டிக்கடைக்காரர் எனக்கு முந்தின நாள் ரொட்டிதான் கொடுக்கிறார்.

ஜில்வந்த்ரோ நேரே வீட்டுக்கு வந்தான். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

“அண்ணே, உங்க மேல மரியாதை உண்டு. ஆனா ஜனங்க உங்களைத் திட்டல, என் விலாங்கைத் திட்றாங்க. ‘மின்விலாங்கு செத்த விலாங்கு’ன்னு சுவத்துல எழுதியிருக்கான் ஒருத்தன்.”

“ஆமா, பார்த்தேன். நானே படிச்சேன்” என்றேன். பெருமையில் வாய் தவறிவிட்டது.

“இந்த ஞாயித்துக்கிழமை அவுத்தெய்ரோ ஆத்தங்கரையில பகலாட்டம். ஒரே ஒரு ஊமை சிடி திரும்பி வந்தாலும் சரி, வாசலை இவனில்டோவுக்குக் குடுத்துருவேன்.”

இவனில்டோவை உனக்குத் தெரியும். வெரோப்பேசு சந்தையில் தள்ளுவண்டியில் சிடி விற்பவன். நான் அதே சந்தையில் தலையில் அசாயிப் பழக் கூடை சுமந்த காலத்திலேயே என் வழியில் வந்து நிற்பவன். அவனிடம் வாசல் போனால் சுலெய்டே முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அவள் தகாகா விற்றுச் சேர்த்த பணத்தைத் தகரடப்பாவோடு என் மடியில் வைத்து, “போய்ட்டு வா. இந்தத் தடவை என் தம்பிகிட்ட மட்டும் கேக்காத” என்றாள். நான் சொல்லவில்லை மச்சான், உன் கூடப்பிறந்தவள் சொன்னாள்.

வியாபாரத் தெருவில் ஒரு கடைக்குப் போனேன். விற்கிற பையன் சட்டையில் நாலு பேனா சொருகியிருந்தான். எடுத்தவுடன் பளபளவென்று ஒரு பெட்டியை வைத்தான்.

“பெரியவரே, இது ஐம்பத்திரண்டு வேகம்! போட்ட சூட்டுல எழுதி வெளிய துப்பிரும்.”

“தம்பி, அசாயிக் கூடையைத் தூக்கிட்டு ஓடினவனெல்லாம் எங்க விழுந்தான்னு எனக்குத் தெரியும். துப்புறது வேண்டாம். நிதானமா எழுதுறது எது?”

“நிதானமா எழுதுறதை யாரும் கேக்கறதில்லையே!”

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். இவனில்டோவேதான். வாசல் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்து அவனும் ரைட்டர் வாங்க வந்திருக்கிறான். அந்த ஐம்பத்திரண்டை அவன் கேள்வி கேட்காமல் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். ஆனால் வெளியே மழை பிடித்துவிட்டது. பெலேமில் மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் யார் எங்கே நிற்கிறார்களோ அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஆகவே நான் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். இதுவரை பேருந்துப் பலகையும் சுவரெழுத்தும் வேதாகமத்தில் முதல் பக்கமும்தான் படித்திருந்தேன். பெட்டியில் நான்கு பக்கமும் எழுத்து. ஒரு பக்கத்தில் நம் போர்த்துகீஸ் மொழியையே யாரோ தப்பும் தவறுமாக எழுதியிருந்தார்கள், எங்கள் வகுப்புக்காரர் யாருக்கோ வேலை கிடைத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அது ஸ்பானிஷாம்.

“என்ன ஒஸ்கரீனோ, பெட்டியைப் படிக்கிறியா, பெட்டிக்கு ஜெபம் பண்றியா?” என்றான் இவனில்டோ.

“உனக்கென்னப்பா, மழை விட்டா நீ போயிடுவ. நான் இன்னும் ரெண்டாவது பக்கமே வரல.”

மூலை நசுங்கிய ஒரு சாம்பல் நிறப் பெட்டியில் அந்த வரி இருந்தது. விரல் வைத்துப் படித்தேன். ‘இடையில் தகவல் வருவது தடைப்பட்டால் எழுதுவதை நிறுத்திக் காத்திருக்கும், மீண்டும் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.’ மச்சான், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் படிப்பதும் அப்படித்தானே! நீளமான சொல் வந்தால் நிற்பேன், மூச்சு வாங்குவேன், விட்ட இடத்தில் விரல் இருக்கும், அங்கிருந்து போவேன். வகுப்பில் வேகமாகப் படிக்கிறவர்கள் நடுவில் இருமினால் மறுபடி முதல் வரிக்குப் போய்விடுகிறார்கள். உன் கல்லும் அப்படித்தான், நடுவில் ஒரு தும்மல் வந்தால் சிடி பாழ்.

ஆனால் பெட்டியில் எழுதியதை எல்லாம் நம்ப நான் நேற்றுப் பிறந்தவனா? எழுதிக் காட்டச் சொன்னேன். பையன் அலுத்துக்கொண்டு ஒன்றை மாட்டினான், மாட்டிவிட்டு அதே கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட ஆரம்பித்தான். நான் தடுக்கவில்லை. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கெய்லாவும் அதைத்தான் செய்வாள். ஒரு பளபளப்பு ரைட்டர் அவன் ராணியை இறக்கியதும் திணறி நின்றது, சிடி போச்சு. அடுத்து மாட்டிய சாம்பல் பெட்டியும் நின்றது. விளக்கு மினுக்கியது. பிறகு ஒன்றும் நடக்காதது போல மேலே எழுதியது. எழுதின சிடியை எடுத்துக்கொண்டு மழையிலேயே வெளியே ஓடினேன். கடை வாசலில் மருந்துக்கடை விளம்பரம் கத்தும் ஒலிபெருக்கி சைக்கிள் ஒன்று நின்றது. ஒவ்வொரு மழையிலும் தண்ணீர் குடித்துக் குடித்து, நல்ல சிடியையே கடித்துத் துப்பும் பெட்டி அது. சைக்கிள்காரரைக் கெஞ்சி அதில் போட்டேன். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தெரு முழுக்கக் கேட்டது! எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்ற இரண்டு கன்னியாஸ்திரிகள் தலையாட்டினார்கள்.

“அப்ப இதைக் கட்டிரட்டுமா பெரியவரே?”

“கட்டாத தம்பி. கையில குடு, பெட்டியை வீட்டுல இன்னொரு தடவை படிக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை அவுத்தெய்ரோவில் நடந்ததை இனி எழுதுகிறேன். ஆட்டம் தொடங்கும் முன் ஜனங்கள் துண்டுச்சீட்டில் பெயர் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள் அல்லவா? இத்தனை வருஷத்தில் நான் ஒரு சீட்டும் அனுப்பியதில்லை. அன்றைக்கு நானே எழுதினேன். ஜில்வந்த்ரோ வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நல்ல வேகமான பாட்டின் நடுவே இசையைத் தணித்து, “ஜுருனாஸ் பேட்டை சுலெய்டேக்கு அவங்க வீட்டுக்காரர் ஒஸ்கரீனோவோட வணக்கம்! அவர் கையாலேயே எழுதின வணக்கம்! விலாங்கைக் காட்டுங்கடா!” என்றான். ஆற்றில் நின்றவர்கள் உட்பட எல்லோரும் கையை நெளித்து விலாங்கு காட்டினார்கள். சுலெய்டே கரண்டியோடு நின்றவள், “அறிவிருக்கா இந்தக் கெழவனுக்கு, ஊருக்கு முன்னால…” என்றாள். ஆனால் கரண்டியும் நெளிந்ததை நான் பார்த்தேன்.

இரண்டாம் பாதியில் மழை. மேலே தார்ப்பாய், அதற்குக் கீழே சுலெய்டே குடை, குடைக்குக் கீழே ரைட்டர், நாங்கள் எல்லோரும் நனைந்தோம், அது நனையவில்லை. கெய்லா, “மாமா, இந்த நிதானத்துல சிடிக் கூடையில பாதி கூடத் தேறாது” என்றாள். “பாதி போதும், அதுல ஒண்ணும் திரும்பி வரக்கூடாது” என்றேன். அப்படியே பாதிதான் தேறியது. வாசலில் ஒவ்வொன்றையும் வாங்கினவர் கண்முன்னால் போட்டுக் காட்டிக் கொடுத்தேன். ரொட்டிக்கடைக்காரர் ஒன்று வாங்கினார். இவனில்டோ ஒன்று வாங்கினான், குறை கண்டுபிடிக்க. எனக்கு எதிரிலேயே காதில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டான், குறை கிடைக்கவில்லை, முகம் புளித்த தூக்குப்பிச் சாறு மாதிரி ஆகிவிட்டது. கிடைக்காதவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு சண்டை போட்டார்கள். மச்சான், என் சிடிக்காக ஜனங்கள் சண்டை! இன்று விடிந்து இத்தனை நேரமாகியும் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ரொட்டி இன்றைய ரொட்டி. ஜில்வந்த்ரோ கட்டிப்பிடித்து, “வாசல் உங்களுதுதான் அண்ணே, இனிமே பேச்சே இல்லை” என்று சொல்லிவிட்டான். அவன் பாட்டுச் சரக்கையும் ஃபைல்களாக எழுதிக் கொடுத்தாயிற்று, இந்த முறை தனியாக, மேலே பெரிய எழுத்தில் என் கையால் எழுதி ஒட்டி.

ஆகவே மச்சான், இனி யாராவது உன்னிடம் நம்பகமான ரைட்டர் எது என்று கேட்டால், வேகத்தைப் பார்க்காதே, நின்றால் விட்ட இடம் தெரிகிறதா என்று பார் என்று ஒஸ்கரீனோ சொன்னதாகச் சொல். உன் கல்லைக் கதவு சாத்தாமலிருக்க அண்டை கொடுத்திருக்கிறோம், நன்றாக உழைக்கிறது. சிரியோ திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்து சேருங்கள், வாத்து இப்போதே கொழுக்கிறது. நாசரே மாதா உங்கள் வீட்டுக் கூரையையும் உங்கள் முழங்காலையும் காத்து, உங்கள் வாயைக் கொஞ்சம் குறைத்து அருள் புரியட்டும்.

இப்படிக்கு, தன் கையெழுத்தைத் தானே போடும்
ஒஸ்கரீனோ

பின்குறிப்பு: புதன்கிழமை. படகு இன்றுதான் கிளம்புகிறது, அதனால் இதையும் சேர்க்கிறேன். இவனில்டோ குறை கண்டுபிடிக்க வாங்கின அந்த ஒரு சிடியை வைத்துத் தன் ஐம்பத்திரண்டு வேகத்தில் மூட்டை மூட்டையாக நகல் எடுத்துவிட்டான். என்னிடம் கிடைக்காதவர்கள் எல்லாம் அவனிடம் வாங்கிவிட்டார்கள். உன் கல்லு எழுதினதை ஒருவனாலும் நகல் எடுக்க முடிந்ததில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. சந்தையிலும் பேருந்திலும் அக்கரைப் படகிலும் அதுதான் பாடுகிறது. ஜில்வந்த்ரோ நேற்று வந்து, “அண்ணே, ரெண்டே நாள்ல விலாங்கு ஊர் பூரா நீந்திருச்சு! இனிமே வாசல்ல விக்கறதே வேண்டாம். நீங்க ஒண்ணே ஒண்ணு நல்லா எழுதி இவனில்டோ கையில குடுத்துருங்க, போதும்” என்றான். ஆக வாசல் எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. சுலெய்டேயிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டு போனேன். அவள் சூப்புச் சட்டியைச் சுற்றி முன்பின் தெரியாத கூட்டம். சிடியில் வரும் சுலெய்டே நீங்கள்தானா என்று கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். சட்டி காலி. “பெரிய சட்டி ஒண்ணு வாங்கணும். நீயே கடைக்குப் போ, அடியில எழுதியிருக்கறதைப் படிச்சுப் பாத்து வாங்கு” என்றாள். இத்துடன் ஒரு சிடி வைத்திருக்கிறேன். என்னுடையவை விற்றுத் தீர்ந்துவிட்டன, இது இவனில்டோவிடம் காசு கொடுத்து வாங்கியது. நாலைந்து இடத்தில் திக்கி விக்கும், கோபப்படாதே. உன் அக்காள் பெயர் வரும் இடத்தில் மட்டும் விக்காது. அவன் வண்டியிலிருந்த சிடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டச் சொல்லி, சாயங்காலம் வரை நின்று, அப்படிப்பட்ட ஒன்றாகப் பார்த்துத்தான் எடுத்தேன்.