நொடிக்கு இருபத்து நான்கு யானைகள்

மனித குலம் இதுவரை எடுத்த முடிவுகளுள் தலையாயது, ஒரு நொடிக்கு எத்தனை யானை என்ற முடிவுதான். அது எடுக்கப்பட்ட அறையில் நானும் ஒரு நாற்காலியை அடைத்துக்கொண்டு இருந்தேன் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் மூட்டை தூக்கிப் பிழைத்தவன். என் மகள், கையால் வரைந்து கார்ட்டூன் படம் எடுக்கும் கம்பெனியில் யானை வரைகிறவள். அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோன என்னை, 'சாமானியப் பார்வையாளர்' ஒருவர் தேவை என்று கூட்டத்துக்குள் இழுத்துப் போட்டார்கள். ஏசி ஓடியது. உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். திரையில் நொடிக்கு இருபத்து நான்கு படம் ஓட வேண்டும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை காட்டினால் பன்னிரண்டு வரைந்தால் போதும், பார்க்கிறவனுக்குத் தெரியாது. அப்படித்தான் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. இனி இருபத்து நான்கையும் புதிதாக வரைய வேண்டும் என்றார் ஆலோசகர். அவர் 'வழவழப்பு' நிபுணர். பென்சிலைத் தொட்டதில்லை, தொட்டால் பார்வை குறுகிவிடுமாம்.

மகள் எழுந்தாள். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள்.

"சார், பன்னெண்டுக்கே கை வீங்குது. இதுல ரெண்டு மடங்குன்னா என் கை போயிடும்."

முதலாளி மிகுந்த கருணையோடு கேட்டு முடித்து, ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் என்னைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க சொல்லுங்க. ஒரு ரசிகரா உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு எம்பொண்ணு கை வேணும்."

'கைவேலையின் தரத்தையே பார்வையாளர் விரும்புகிறார்' என்று குறித்துக்கொண்டார்கள். இருபத்து நான்கு ஏகமனதாக நிறைவேறியது.

முதல் காட்சி, யானை தூங்குவது. வாலைக்கூட ஆட்டாத யானை. ஆனாலும் சட்டம் சட்டம்தானே? அசையாத அந்த யானையை மகள் திரும்பத் திரும்ப, புதிது புதிதாக வரைந்தாள். வீட்டில் சீப்பைப் பிடிக்க முடியாமல் தலையை என்னிடம் நீட்டினாள். மூட்டை தூக்கின கை. பின்னல் கோணலாகத்தான் வந்தது. அதோடுதான் வேலைக்குப் போனாள்.

போட்டுக் காட்டும் நாளில் சாமானியனுக்கு மறுபடி அழைப்பு. விளக்கை அணைத்தார்கள். திரையில் யானை தும்பிக்கை முதல் வால் வரை வெடவெடவென்று நடுங்கியது, குளிர்ஜுரம் கண்டது போல.

"தூங்குற யானை ஏன் நடுங்குது?" என்றார் முதலாளி.

கையால் போட்ட கோடு ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை விலகத்தான் செய்யும், ஒரே யானையை வைத்துக் காட்டியிருந்தால் இந்த வம்பே இல்லை என்றாள் மகள். ஆலோசகர் அவ்வளவு தூரம் போகவில்லை. அறிவாளிகள் சுருக்கமாகப் பேசுவார்கள்.

"வரையுற கை நடுங்குது சார். எங்க, கைய நீட்டுங்கம்மா."

நீட்டினாள். நடுங்கியது. அவர் கணிப்பு எவ்வளவு துல்லியம் பாருங்கள்!

அங்கேயே அவளுக்குக் 'கட்டாய ஓய்வு' வழங்கப்பட்டது. திரும்ப வர வேண்டியதில்லை என்பதுதான் அதற்குப் பொருள். மீதி நடுக்கத்தைப் போக்க, நொடிக்கு நாற்பத்தெட்டு யானை என்று தீர்மானம் போட்டுக் கைதட்டினார்கள்.

அந்த அறிஞர் சபையையும் யாராவது வரைந்து உலகத்துக்குக் காட்ட வேண்டும். கை ஒன்றும் வீங்காது. ஒரே ஒரு படம் போதும். என் மகள் நடுங்கும் கையை நீட்டி நின்றபோது, அங்கே ஒருவரும் அசையவில்லை.